கானாற்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

"ட்ரெக்கிங்கா? அதெல்லாம் பெங்களூர் ஐடி பசங்க வேலைம்மா. நமக்கு எதுக்கு?"

மலைக்கு நடக்கப் போகிறோம் என்று சொன்னபோது எங்கள் தோழர் ஒருவர் கேட்டது இது. கிண்டல்தான். ஆனாலும் நமக்குள் எத்தனையோ பேர் மனதில் இருக்கிற எண்ணம் அது. மனு கொடுக்கப் போகலாம், மறியலுக்குப் போகலாம், தோழர் யாராவது இறந்துவிட்டால் அஞ்சலிக்குப் போகலாம். சும்மா ஒரு ஓடையோரமாக, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க நடந்தால் அது வெட்டி வேலை. அப்படித்தான் நாங்களும் நினைத்துக்கொண்டிருந்தோம், எங்கள் மாலை வகுப்பில் ஒரு பையன் அப்படிப் பேசும் வரை.

மகத் போராட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார், அவர் பின்னால் ஆயிரக்கணக்கான மக்கள் குடித்தார்கள் என்று சொன்னோம். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "குடிச்சா வயித்தால போவாதாக்கா?" என்று கேட்டான். மற்ற பிள்ளைகள் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் அதே சந்தேகம். ஆறு படம் வரையச் சொன்னால் மேலே வெள்ளையாக நுரை போடுகிற பிள்ளைகள் அவர்கள். பாலாற்றங்கரையில் பிறந்து, கேன் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். பொதுக்குளத்தில் இறங்கும் உரிமைக்காக ஒரு கூட்டம் ஏன் அடிவாங்கியது என்பது அவர்களுக்குப் பிடிபடாததற்கு நம் பாடம் மட்டும் காரணமில்லை. கையால் அள்ளிக் குடிக்கிற மாதிரி ஒரு தண்ணீரை அவர்கள் கண்டதே இல்லை.

சரி, முதலில் நாம் போய்ப் பார்த்துவிட்டு வருவோம், பிறகு பிள்ளைகளை அழைத்துப் போவோம் என்று கிளம்பினோம்.

நாங்கள் இருவர். ஒரே காலனி. இருவரும் சேர்ந்தே இதை எழுதுகிறோம். மூத்தவள் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருடமாக அப்பர் தைக்கிறாள். இளையவள் சட்டம் படிக்கிறாள். இருவருடைய தாத்தாக்களும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்றவர்கள். இந்தப் பக்கத்தில் இது பெரிய சேதி இல்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று எந்தக் காலனியில் கதவைத் தட்டினாலும் இதே கதைதான். கம்பெனி வேன் வராத நாள் ஞாயிறு ஒன்றுதான். அதனால் ஞாயிறு.

ஐப்பசி மழை நாலு நாள் கொட்டி ஓய்ந்திருந்தது. ஆம்பூருக்குத் தெற்கே நாயக்கனேரி மலை. அதன் அடிவாரத்தில் ஆனைமடுகு தடுப்பணை. மலையில் பெய்கிற மழை கானாறாக இறங்கி அங்கே வந்து நிற்கும், நிரம்பினால் வழிந்து கீழே போகும். கானாறு என்ற சொல்லை வெளியூர்த் தோழர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். எங்கள் மாவட்டங்களில் காட்டிலிருந்து இறங்குகிற ஓடைக்கு அதுதான் பெயர். பாதி வருடம் வெறும் பாறையும் மணலுமாகக் கிடக்கும், மழை பெய்தால் திடீரென்று உயிர் வரும். அந்தத் திடீர் வெள்ளத்தில் மாடும் போகும், ஆளும் போகும். அதனால்தான் மழை விட்டு இரண்டு நாள் பொறுத்துப் போனோம். போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: மேலே மலையில் கருக்கல் கட்டியிருந்தால் ஓடைக்குள் இறங்கவே இறங்காதீர்கள்.

அடிவாரத்தில் ஒரு வனக் காவலரிடம் சொன்னோம். "ரெண்டு பொம்பளப் புள்ளைங்க மட்டுமா?" என்றார். ஆமாம் என்றோம். "ஜனங்க நடக்கிற தடத்தை விட்டு உள்ள போவாதீங்க, மூணு மணிக்குள்ள இறங்கிடுங்க" என்றார். நியாயமான பேச்சுதான். குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் கடுமையாயின. 2024 அக்டோபரில் அரசே 40 மலைப்பாதைகளை அடையாளம் கண்டு, இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு வழிகாட்டியோடு நடக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல திட்டம், மலைக் கிராமத்து இளைஞர்களுக்கு வழிகாட்டி வேலையும் கிடைக்கிறது. கட்டணம் சில நூறிலிருந்து சில ஆயிரம் வரை போகிறது. மூத்தவளின் ஒரு நாள் கூலியை வைத்து இளையவள் கணக்குப் போட்டாள், பிறகு போனை மூடி வைத்துவிட்டாள்.

தடம் ஓடையை ஒட்டியே போகிறது. கொஞ்ச தூரம் மண், அப்புறம் பாறை. தண்ணீர் சறுக்கிச் சறுக்கி வழவழப்பான பாறைகள், யானை படுத்திருக்கிற மாதிரி சில, உரல் மாதிரி குழி விழுந்த சில. குழிக்குள் தண்ணீர், அதில் விரல் நீள மீன். கரையில் நீர்மருது, புங்கன், நாவல், அத்தி. மருதமரத்தின் அடிவேர் பாறையைக் கையால் பிடித்திருப்பதுபோல் பிடித்திருந்தது. கொஞ்சம் உயரம் போனதும் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒன்று உறைத்தது. நாற்றம் இல்லை. எங்கள் ஊரில் காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்பதை மூக்கால் சொல்லிவிடுவோம். உப்பு போட்ட பச்சைத்தோல், சுண்ணாம்பு, கழிவுநீர் மூன்றும் கலந்த வாசனை அது. வெளியூர்க்காரர்கள் பேருந்தில் ஜன்னலை மூடிக்கொண்டு முகம் சுளிப்பார்கள். நாங்கள் அந்த நாற்றத்தை உணர்வதே இல்லை என்றுதான் நினைத்திருந்தோம். அது இல்லாத இடத்தில் நின்றபோதுதான் எவ்வளவு நேரமும் அதை மோந்துகொண்டே இருந்திருக்கிறோம் என்று தெரிந்தது.

அடுத்து செருப்பைச் சொல்ல வேண்டும். மூத்தவள் போட்டிருந்தது ரப்பர் செருப்பு. மூன்றாவது பாறையிலேயே வார் பிய்ந்துவிட்டது. ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து வாரை மாட்டி, மறுபடி நடந்தாள். அவள் தைக்கிற அப்பர்கள் எந்த நாட்டுக்குப் போகின்றன என்று அவளுக்குத் தெரியும், பெட்டியில் ஒட்டுகிற விலையும் தெரியும். மலையேறுகிறவர்கள் போடும் பூட்ஸும் தைத்திருக்கிறாள். கணுக்காலைச் சுற்றிப் பஞ்சு வைத்து, தண்ணீர் புகாதபடி இரட்டைத் தையல் போட வேண்டும் என்று நடந்துகொண்டே விளக்கினாள். "ஒரு ஜோடி கையில எடுத்தா எங்க பிரியும்னு சொல்லிடுவேன்" என்றாள். நம் பாட்டன்மார் ஊர்த் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நடந்ததை நாம் மேடைதோறும் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். அவர்கள் பேத்தி உலகத்துக்கே செருப்புத் தைத்துவிட்டு ஊக்கு குத்திய வாரோடு பாறையில் ஏறுவதையும் பேச வேண்டும். தடை இப்போது கூலியில் இருக்கிறது.

இங்கே இங்கிலாந்திலிருந்து ஒரு கதை. இளைய தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. மான்செஸ்டர் பஞ்சாலை நகரம், நமக்கு ஆம்பூர் எப்படியோ அப்படி. வாரமெல்லாம் புகையிலும் எந்திரச் சத்தத்திலும் கிடந்த தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மலைகளில் நடக்க ஆசைப்பட்டார்கள். ஆனால் மேட்டுநிலம் முழுக்கப் பிரபுக்களின் வேட்டைக்காடு, காவலாளிகள் தடியோடு நின்றார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று பென்னி ராத்மேன் என்ற இருபது வயது இளைஞர் முன்னே நிற்க, சுமார் நானூறு பேர் கிண்டர் ஸ்கவுட் என்ற மலைமேல் அத்துமீறி நடந்தார்கள். காவலாளிகளோடு கைகலப்பு. ஐந்து பேருக்குச் சிறை. 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கும் நடைபாதை உரிமைக்கும் அங்கே சட்டம் வந்தது, 1951-இல் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அந்த மலைப்பகுதிதான். கூலியை உயர்த்து என்று கேட்ட அதே ஆட்கள், மலையில் நடக்க விடு என்றும் கேட்டார்கள். இரண்டையும் அவர்கள் வேறுவேறாகப் பார்க்கவில்லை. எங்கள் தோழர் கேட்ட "நமக்கு எதுக்கு?" என்பதற்கு எங்களிடம் இருக்கிற முதல் பதில் இது.

ஆனால் நம் மலை வேறு. கிண்டரில் எதிரே நின்றவன் பிரபு. இங்கே மலையில் வாழ்கிறவர்கள் பழங்குடி மக்கள். அதற்குப் பிறகு வருகிறோம்.

ஒரு திருப்பத்தில் பாறைச்சரிவு முழுக்க ஆவாரை. மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நின்றது. இளையவள் பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற பூ என்று படம் எடுத்தாள். மூத்தவள் கிளையை ஒடித்து, பட்டையை நகத்தால் கீறி மோந்து பார்த்தாள். "தாத்தா கையில இந்த வாசனைதான்" என்றாள். தோல் பதனிடுகிற தொழில் இந்த வட்டாரத்தில் வேரூன்றியது இந்தச் செடியால்தான் என்று சொன்னால் மிகையில்லை. குரோமியம் வருவதற்கு முன் தோலைப் பதப்படுத்தியது ஆவாரம்பட்டை. கடைசியில் நிறம் தெளிய கடுக்காய்த் தண்ணீர், அப்புறம் எண்ணெய். வாரக்கணக்கில் தொட்டியில் ஊற வைத்துத் திருப்பித் திருப்பிப் போட வேண்டும். 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்று லண்டன் சந்தையில் பெயர் வாங்கிய தோல் இப்படி, நம் ஆட்களின் கையில் ஆனதுதான். ஆவாரம்பட்டை போதாமல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோல் ஏற்றுமதியை ஒன்றிய அரசு கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலையும் பொருளையும் அனுப்பச் சொன்னது. அன்னியச் செலாவணி கூடியது. கூடவே குரோம் முறை பரவியது. வாரங்கள் ஓரிரு நாளாகின. டிரம்முக்குள் தோல் நீலமாக மாறியது.

பட்டைக்காலம் பொற்காலம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இயற்கை முறை, பாரம்பரிய அறிவு என்று இப்போது கருத்தரங்குகளில் புகழ்கிறார்கள். அந்தப் பாரம்பரியத்தில் இடுப்பளவு தொட்டியில் நின்றவன் யார், தோல் உரித்தவன் யார், வாங்கி விற்றவன் யார் என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். மூத்தவளின் தாத்தாவுக்குக் கால் நகம் பத்தும் சுண்ணாம்பில் போய்விட்டது. டி. செல்வராஜ் 'தோல்' நாவலில் திண்டுக்கல் டேனரித் தொழிலாளர் வாழ்க்கையை எழுதினார், 2012-இல் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. வேலூர்ப் பக்கத்துத் தோல் இன்னும் அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. படிக்கிற பிள்ளைகள் யாராவது செய்யுங்கள், தாத்தாக்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

மேலே ஏறியதும் ஒரு மடு. சுற்றிலும் பாறை, நடுவே இடுப்பளவு தெளிந்த தண்ணீர், மேற்பாறையிலிருந்து ஒரு சின்ன வீழ்ச்சி. காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைத் தின்றோம். அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. இதை எழுத வேண்டுமா என்றுகூட யோசித்தோம். பேசாமல் உட்கார்ந்திருந்ததில் என்ன அரசியல்? ஆனால் மூத்தவள் பிறகு சொன்னாள், பதினோரு வருடத்தில் யாரும் நேரம் பார்க்காத அரை மணி நேரம் இதுதான் என்று. கம்பெனியில் பாத்ரூம் போனாலும் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பான். வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பு கூப்பிடும்.

அப்போதுதான் அந்த ஆயா வந்தார். மலையிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தார், தலையில் சீத்தாப்பழக் கூடை. எழுபது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் கூடையைப் பாறைமேல் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"எந்த ஊரு கண்ணு?"

சொன்னோம்.

"அங்க எந்தப் பக்கம்?"

நம் எல்லோருக்கும் தெரிந்த இரண்டாவது கேள்வி. ஊர் பெயரோடு நிற்காத கேள்வி. பேருந்தில், வாடகை வீட்டு வாசலில், கல்லூரி விடுதியில், எங்கே கேட்டாலும் அடிவயிற்றில் ஒன்று இறுகுமே, அது அந்த மடுவின் கரையிலும் இறுகியது. இளையவள்தான் பதில் சொன்னாள். "காலனி ஆயா. அம்பேத்கர் சிலை இருக்குதில்ல, அதுக்குப் பின்னால."

"ஓ" என்றார் ஆயா. கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். பிறகு கூடையிலிருந்து நன்றாகப் பழுத்ததாக இரண்டு சீத்தாப்பழம் எடுத்தார். எங்கள் கையில் தரவில்லை. எங்களுக்கும் அவருக்கும் நடுவே இருந்த பாறையில் வைத்தார். "தின்னுங்க கண்ணு, வெயில்ல வந்திருக்கீங்க" என்றார். காசு கொடுத்தோம், வாங்க மாட்டேன் என்றார். மழை, மகன் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போனது, மலையில் இருந்து பிரசவத்துக்குக் கீழே வருகிற பாடு, எல்லாம் பேசிவிட்டு இறங்கிப் போனார்.

அந்தப் பழம் அவ்வளவு இனிப்பு. ஆனால் அடுத்த ஒரு மணி நேரமும் எங்கள் பேச்சு அந்தப் பாறையைப் பற்றித்தான். ஏன் பாறையில் வைத்தார்? பழுத்த பழம், கையில் கொடுத்தால் பிதுங்கும், அதனால் இருக்கலாம். நாங்கள் எட்டிய தூரத்தில் இல்லை, அதனால் இருக்கலாம். அவர் பிசுபிசுத்த கையைச் சேலையில் துடைத்ததையும் பார்த்தோம். அல்லது நாங்கள் நினைத்ததாகவும் இருக்கலாம். இளையவள் அதுதான் என்றாள். மூத்தவள் இல்லவே இல்லை என்றாள்: "காசு வாங்காம குடுத்தவ கையை நீ அளந்து பாக்குற." இன்றுவரை இதில் எங்களுக்கு ஒத்த கருத்து இல்லை. வேறு எந்த இரண்டு பெண்கள் அந்த மடுவில் உட்கார்ந்திருந்தாலும் பழத்தைத் தின்றுவிட்டு ருசியைப் பற்றிப் பேசியிருப்பார்கள். எங்களுக்கு ஒரு கிழவியின் கை நீண்ட தூரத்தைக் கணக்குப் போட வேண்டியிருந்தது. சாதி எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்த ஒரு மணி நேரத்தையும்தான்.

இந்தச் சந்தேகம் வெறும் மனப்பிரமை என்று தள்ளிவிட முடியாதபடி அந்த மலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2021 அக்டோபரில் புதிதாகப் பிரிக்கப்பட்ட மாவட்டங்களுக்கு ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது நினைவிருக்கும். நாயக்கனேரி ஊராட்சித் தலைவர் பதவி ஆதிதிராவிடப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. ஊராட்சியில் மிகப் பெரும்பான்மையினர் மலையாளி பழங்குடியினர். ஒரே ஒரு பெண் போட்டியிட்டு எதிர்ப்பின்றித் தேர்வானார். மலை மக்கள் எதிர்த்தார்கள், போராட்டம் நடந்தது, வழக்கு உயர் நீதிமன்றம் போனது. தேர்ந்தெடுக்கப்பட்ட அந்தப் பெண்ணால் மற்ற தலைவர்களைப் போலப் பதவி ஏற்று நாற்காலியில் உட்கார முடியவில்லை.

அந்த நாட்களில் நம் பக்கத்துக் கூட்டங்களில் பேசியவர்கள் பலரும் இதைப் பாப்பாபட்டி, கீரிப்பட்டியோடு சேர்த்துப் பேசினார்கள். நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. பாப்பாபட்டியில் பத்து வருடம் தேர்தலைத் தடுத்தவர்கள் நிலமும் அதிகாரமும் கையில் வைத்திருந்தவர்கள். மேலவளவில் 1997-இல் முருகேசனைக் கொன்றவர்களும் அப்படித்தான். நாயக்கனேரி மலையில் இருப்பவர்கள் சாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அல்லாடுகிறவர்கள். இதே வேலூர்ப் பக்கத்து மலைதான், அல்லேரி. 2023-இல் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலைச் சாலை இல்லாததால் தாய் கையில் சுமந்து நடந்தார். 2015 ஏப்ரலில் ஆந்திரக் காவல்துறை சேஷாசலம் காட்டில் சுட்டுக்கொன்ற 20 தமிழ்நாட்டுத் தொழிலாளிகளில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. எங்கள் மலையில் எங்களுக்குத் தலைமை வேண்டும் என்று அந்த மக்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

அந்த நியாயத்தைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது என்பதுதான் வேடிக்கை. 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டப்படி, அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளில் ஊராட்சித் தலைவர் பதவிகள் எல்லாம் பழங்குடியினருக்கே. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று ஒரு குக்கிராமம்கூட அறிவிக்கப்படவில்லை. அறிவித்திருந்தால் நாயக்கனேரியில் இந்தச் சண்டையே வந்திருக்காது. சுழற்சிப் பட்டியலைத் தயாரித்த மேசை எங்கோ இருக்கிறது, அதில் உட்கார்ந்தவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. கீழே காலனிப் பெண்ணும் மேலே மலைப் பெண்ணும் எதிரெதிரே நிறுத்தப்பட்டார்கள். அதே நேரத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சட்டப்படி வேட்புமனு போட்டு வென்ற அந்தப் பெண் செய்த தவறு என்ன? அவர் பட்ட அவமானத்தை 'நிர்வாகக் குளறுபடி' என்ற சொல்லால் மூடிவிட முடியாது. இளையவள் முதல் பாதியை அழுத்திச் சொல்வாள், மூத்தவள் இரண்டாவது பாதியை. பழத்தின் விஷயத்தில் நேர்மாறாக நின்றோம் என்பதைக் கவனித்திருப்பீர்கள். எங்களுக்கே அது இறங்கும் வழியில்தான் பட்டது, சிரித்துவிட்டோம்.

மூன்று மணிக்கு முன்பே அடிவாரம் வந்துவிட்டோம். அங்கிருந்து தண்ணீர் போகிற வழியிலேயே கண்ணால் போனால் பாலாறு. கர்நாடகத்தில் நந்திமலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர் ஓடி, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் நடக்கிற ஆறு. கானாறுகள் எல்லாம் சுத்தமாகத்தான் அதனிடம் வந்து சேர்கின்றன. பிறகு நடப்பதற்கு உச்ச நீதிமன்றமே சாட்சி. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு கொடுத்த தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள். மாசுபடுத்தியவனே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதி செய்த தீர்ப்பு அது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர், சுமார் 170 வகை இரசாயனம், தோல் பட்டையில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பாழ் என்ற கணக்கெல்லாம் அதில் வருகிறது. அதன்படி அமைந்த ஆணையம் 2001-இல் 547 டேனரிகளிடமிருந்து 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு என்று தீர்மானித்தது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. முதல் தீர்ப்பு வந்து 28 வருடம் கழித்து. மழை பெய்த மறுநாள் மாராப்பட்டுப் பாலத்தில் நின்று பாருங்கள், ஏன் என்று புரியும்.

சட்டம் படிக்கிறவளுக்கு இதில் ஒரு கேள்வி உண்டு. இழப்பீட்டுப் பேச்சு பெரும்பாலும் நிலத்தைச் சுற்றியே நடக்கிறது: இத்தனை ஏக்கர், இத்தனை தென்னை, இத்தனை கிணறு. நிலம் இல்லாதவன் இழந்தது என்ன கணக்கில் வரும்? ஊர்க்கிணறு நமக்கு மூடியிருந்த காலத்தில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்தவர்கள் நாம். ஆறு நமக்குக் கிணறு, குளியலறை, சுடுகாட்டுப் பாதை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கத்தில் நாராயணபுரத்தில் நிலக்காரர்கள் வழி விடாததால், இறந்தவர் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்களே, அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். டேனரிக்குள் வேலை செய்து நுரையீரலையும் தோலையும் கொடுத்தவர்கள், வெளியே வந்து அதே கழிவைக் குடித்தவர்கள் நம் ஆட்கள். டேனரியை மூடு என்று நம்மால் ஒரே மூச்சில் சொல்ல முடியாது, சோறு அங்கேதான் இருக்கிறது. மூடாதே என்றும் சொல்ல முடியாது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த இடத்திலேயே 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அதில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்த கூலிகள். சுற்றுச்சூழல் கருத்தரங்குகளில் இந்த இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தியைப் பிடித்துப் பேசுகிற குரல் இன்னும் போதுமான அளவு இல்லை. அந்தக் குரல் நம்மிடமிருந்துதான் வர வேண்டும், அதற்கு ஆற்றை மேலிருந்து கீழ்வரை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தோழரே, "நமக்கு எதுக்கு?" என்பதற்கு எங்கள் இரண்டாவது பதில் இது.

பிள்ளைகளை அழைத்துப்போக ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். பன்னிரண்டு பேர், கூட நான்கு பெரியவர்கள், அதில் ஒருவர் மலைக் கிராமத்திலிருந்தே வருகிறார். கால் வழுக்காத செருப்பு பன்னிரண்டு ஜோடி வேண்டும். ஷூ கம்பெனியில் வேலை செய்கிற அக்காக்கள் சிலர் பணம் போட்டு வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். மடுவுக்கு மேலே பாறை இடுக்கில் கசிகிற இடத்தில் இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றை நிரப்பிக்கொண்டு வந்தோம். மூத்தவளின் அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் குடிக்கவில்லை. ராத்திரிக்குத் துவரம்பருப்பை அந்தத் தண்ணீரில் போட்டார். எங்கள் ஊர் போர் தண்ணீரில் பருப்பு வேகாது, சோடா உப்பு போட்டு விசில் மேல் விசில் விட்டாலும் கல்லாகக் கிடக்கும். அன்றைக்கு வெறும் சட்டியில் மலர்ந்து வெந்தது. அம்மா கரண்டியில் எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் பாட்டிலை ஆட்டிப் பார்த்து, மிச்சம் இருந்த கொஞ்சத்தைக் காலையில் டீக்கு என்று மூடி வைத்தார்.